கோழி செத்தது சரி, இறகு எந்தப் பக்கம்?

வா மாப்ள, உக்காரு. நீ படலைத் தள்ளிக்கினு வர்ற வேகத்திலேயே தெரிஞ்சுபோச்சு, பங்காளி மேல ஆத்திரம்னு. கையில இன்னா பை? செத்த கோழியா? அதையும் தூக்கிக்கினு புதூர்நாட்டுல பஸ் ஏறினியா? கண்டக்டர் அரை டிக்கெட் போட்டானா, முழு டிக்கெட்டா?

மொதல்ல மோரைக் குடி. நான் தலையாரியா இருந்த காலத்துல நாய்க்கும் கோழிக்கும் வழக்கு வந்துக்கினே இருக்கும். கோழியைப் பறிகொடுத்தவன் எப்பவும் ரெண்டு கேள்விதான் கேப்பான். நாயை இன்னா பண்ணலாம், பணம் எவ்ளோ வாங்கலாம். மூணாவதா ஒரு கேள்வி இருக்குது, அத்த எவனும் கேக்க மாட்டான்: கோழி அங்க இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?

வீடியோ இருக்குதா? கொடு பாக்கலாம். ம்ம்... நாய் துரத்துது, கோழி கத்துது, நாய் கவ்வுது. அப்புறம் ரெண்டாவது கோழி. நல்லாதான் எடுத்திருக்க, கைகூட ஆடல. அந்தக் கையில போனுக்குப் பதிலா ஒரு கல்லு இருந்திருந்தா ரெண்டாவது கோழி இந்நேரம் சாணியைக் கிளறிக்கினு இருக்கும். ஜவ்வாது மலையில கல்லுக்குப் பஞ்சம்னு எவனும் சொன்னதில்ல.

அது கெடக்கட்டும். பின்னாடி ஒரு களம் தெரியுதே, அதுல சாமை காயுதே, அது யாரு வூட்டுக் களம்? பதிலைக் காணோம். இந்த வீடியோவை ஊருக்கெல்லாம் வாட்ஸப்புல அனுப்பிட்டியா? ரொம்ப நல்லது. உனக்கு எதிரா இருக்கற சாட்சியை நீயே எடுத்து, நீயே வூடு வூடாக் கொடுத்திருக்க. பங்காளிக்கு வக்கீல் செலவு மிச்சம்.

சட்டம் படிக்கிற என் பேரன் லீவுல வந்தா இந்தத் திண்ணையிலதான் படுத்துக்கினு பேசுவான். சீமையில 1971-ல ஒரு சட்டம் போட்டாங்களாம், மிருகங்களால வர்ற நட்டத்துக்குன்னே தனியா. நாய் ஒருத்தனோட ஆட்டையோ கோழியையோ கடிச்சா, நாய் வச்சிருக்கறவன் நட்டம் கொடுத்தே ஆகணும். ‘என் நாய் சாதுங்க’ன்னு சொல்ற பேச்சே எடுபடாது. நீ இப்ப சிரிக்கிற. முழுசாக் கேளு. அதே சட்டத்துல பின்னாடி ஒரு வரி வச்சிருக்கான்: கோழி தானா மேஞ்சு அடுத்தவன் எடத்துக்குப் போயி, அந்த எடத்துக்காரனோட நாய் அங்கியே வச்சுக் கடிச்சா, ஒரு காசும் கெடையாது. வெள்ளைக்காரன் உன் கோழியைப் பாத்துட்டுதான் அந்த வரியை எழுதினானோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பட்டினப்பாலையில ஒரு சேதி வருதுன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. காவிரிப்பூம்பட்டினத்துல காயப்போட்டத தின்ன வந்த கோழியை, பொண்ணுங்க காதுல கெடந்த பொன் குழையைக் கழட்டி எறிஞ்சு விரட்டுவாங்களாம். அந்தக் குழை போயி, சின்னப்பசங்க உருட்டற மூணு சக்கரத் தேருக்குக் குறுக்க கெடக்குமாம். புலவருக்கு அது ஊரோட செல்வச் செழிப்பு. எனக்கு அதுல தெரியறது கோழியோட கொணம். உன் பங்காளி பொண்டாட்டி காதுல கெடக்கறது கவரிங். அத்தக் கழட்டி எறிஞ்சா உன் கோழி திரும்பிக்கூடப் பாக்காது. அதான் அவ நாய் வளக்கறா.

மொறைக்காதே. போன அறுப்பு முடிஞ்சப்போ உன் பங்காளி இதே திண்ணையில, நீ உக்காந்திருக்கற அதே எடத்துல உக்காந்துக்கினு அழுதான். ‘மாமா, அவன் கோழிங்க என் களத்துல விடிஞ்சா வந்து அடைஞ்சா போவுது, கேட்டா வாயில்லா ஜீவன்னு சொல்றான்’னு. அன்னிக்கு வாயில்லா ஜீவன் கோழி. இன்னிக்கு நாய்க்கு மட்டும் வாய் வந்துடுச்சா?

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். பதினோரு கோழின்னு ஊர்க்கவுண்டர் கிட்ட சொல்லி வச்சிருக்க. வீடியோவுல செத்தது ரெண்டு. பாக்கி ஒம்போதையும் நாய் கணக்குல எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா சொல்லு, எப்படிச் செத்துச்சு?

தலை தனியா, கழுத்து கடிபட்டு, ஒடம்பு அப்படியே கெடந்ததா? ராத்திரி கூட்டுக்குள்ளியேவா? அது மரநாயோ கீரியோ செஞ்ச வேலை. பேருல நாய் இருக்குதுன்னு மரநாய் செஞ்சதுக்கு இந்த நாய் மேல கேஸ் போடாதே. குஞ்சு மட்டும் பட்டப்பகல்ல காணாமப் போச்சா, இறகுகூட இல்லையா? அண்ணாந்து பாரு, பருந்து சுத்தும். அது இல்லன்னா காக்கா. முட்டை ஓட்டோட காணோமா? கூட்டுக்கு அடியில கையை விட்டுத் தேடாதே, பாம்பு இருந்தாலும் இருக்கும். நாய் கடிச்ச எடம் வேற மாதிரி இருக்கும். ஒண்ணோட நிறுத்தாது. ஓட ஓட துரத்தும், முதுகுலயும் தொடையிலயும் பல்லு பதியும், இறகு களம் பூரா பறக்கும். கடைசியில திங்காமலே போட்டுட்டுப் போயிடும். பாதி நாய்க்குப் பசியே கெடையாது மாப்ள, வெளையாட்டு. வயித்துக்குச் சோறு போட்டா நாய் கோழியைக் கடிக்காதுன்னு சொல்றவன் நாய் வளத்தவன் இல்ல.

இப்ப கழிச்சுப் பாத்தா ஒம்போதுல எத்தினி மிஞ்சுது? அதுலயும் நாலு கோழி போன மாசி மாசம் ஒரே வாரத்துல கழுத்தைத் திருகிக்கினு, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு செத்துச்சுன்னு உன் பொண்டாட்டியே என் மவ கிட்ட சொல்லியிருக்கா. அது வெள்ளைக்கழிச்சல். படிச்சவங்க ராணிக்கெட் நோய்ம்பாங்க. கால்நடைத்துறையில தை, மாசி வாக்குல ரெண்டு வாரம் முகாம் போட்டு இலவசமா தடுப்பூசி போடறாங்க, நீ போனியா? போகல. நாய் பத்து நாள் நின்னு கடிச்சாலும் சாகாத கூட்டம், அந்த நோய் வந்தா ஒரு வாரத்துல காலி. ஆனா நோய் மேல வீடியோ எடுத்து வாட்ஸப்புல போட முடியாது, நோய்க்குப் பங்காளியும் கெடையாது. அதனால கோவமும் வர்றதில்ல.

இன்னொண்ணு. தை மாசம் உன் வூட்டு விருந்துக்கு நாலு சேவல் அறுத்தியே, குடலையும் தலையையும் எங்க கொட்டின? வேலியோரமா? யாரு தின்னது? சொல்லு, தைரியமாச் சொல்லு. ரோட்டோரத்துல பிராய்லர் கடைக்காரன் கழிவைக் கொட்டி அங்க ஒரு நாய்க்கூட்டத்தையே வளத்துக்கினு இருக்கான். நீ வூட்டுலயே கடை வச்சிருக்க. பங்காளி நாய்க்குக் கோழி ருசியைக் கத்துக்கொடுத்த வாத்தியார் நீ. இப்ப மாணவன் நல்லாப் படிச்சுட்டான்னு வருத்தப்படற. இந்தப் பையில இருக்கறதையும் வேலியோரம் வீசிடாதே. கொல்லை மூலையில மொழங்கால் ஆழம் குழி எடுத்துப் புதைச்சு, மேல கல்லு வை.

பங்காளி மட்டும் யோக்கியனா? அவன் அந்த நாயை மலைமேல கூட்டிக்கினு போயி முயல் துரத்தப் பழக்கினது எனக்குத் தெரியாதா? முயல் வேட்டை குத்தம், வனத்துறைக்காரன் பிடிச்சா ஜீப்புலதான் ஏறணும். ஓடறதைத் துரத்துன்னு சொல்லிக்கொடுத்துட்டு, ‘கோழியை மட்டும் துரத்தாதே’ன்னு நாய் கிட்ட எப்படிச் சொல்லுவான்? இத்த நீ அவன் கிட்ட சண்டையில சொல்லாதே. விலை பேசறப்போ, பேச்சோட பேச்சா, ‘பாரஸ்ட் வாட்சர் நேத்து டீக்கடையில உன்னை விசாரிச்சாரு’ன்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை வேணாம்.

மருந்து வச்சுடலாமான்னு யோசிக்கிற, உன் கண்ணே சொல்லுது. கேட்டுக்கோ. வெள்ளைக்காரன் 1860-ல எழுதின பழைய சட்டத்துல மிருகத்தோட விலையைப் பாத்துத்தான் தண்டனை. பத்து ரூபா பெறுமானம்னா ஒரு பிரிவு, அம்பது ரூபான்னா இன்னொரு பிரிவு. 2024 ஜூலை 1-லேருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல விலையே பாக்கறதில்ல. 325-ஆம் பிரிவு. எந்த மிருகமா இருந்தாலும் வேணும்னே கொன்னா, மருந்து வச்சா, ஊனமாக்கினா, அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள போகலாம். அந்த நாய்க்கு யாரும் அஞ்சு ரூபா தரமாட்டான், ஆனா அது உனக்கு அஞ்சு வருசம் வாங்கித் தரும். பங்காளி வேணும்னே ஏவி விட்டான்னு நீ நிரூபிச்சா அதே பிரிவு அவன் மேலயும் பாயும். நிரூபிக்கணும். நாயைக் கூண்டுல ஏத்தி விசாரிக்க முடியாது.

அதே சட்டத்துல 291-னு ஒண்ணு இருக்குது. மிருகத்தை அஜாக்கிரதையா விட்டா ஆறு மாசம், இல்ல அஞ்சாயிரம் அபராதம், இல்ல ரெண்டும். ஒடனே நிமிந்து உக்காராதே. அது மனுசனுக்கு ஆபத்து வந்தாத்தான். கோழியோட உசுரு அதுல எழுதல. அப்ப கோழிக்கு ஞாயம் வேணும்னா சிவில் கோர்ட்டு. திருப்பத்தூருக்கு மலையை எறங்கி வாய்தாவுக்கு வர்ற பஸ் காசுல நீ ஒரு பண்ணையே வச்சுடலாம். முன்னல்லாம் கிராம முன்சீப் ஊருலயே உக்காந்து சில்லறை வழக்கைத் தீத்து வைப்பாரு. எம்ஜிஆர் 1980-ல அந்தப் பதவியை எடுத்துட்டாரு. பதவிதான் போச்சு. வழக்கெல்லாம் என் திண்ணைக்கு வந்து சேந்துடுச்சு.

மருந்து வச்சா நாய் மட்டுமா சாகும்? அத்த கொத்தற உன் கோழியும் சாகும், எலி பிடிக்கிற கீரியும் சாகும், பக்கத்துவூட்டுக் கொழந்தை கையில எடுத்தா அப்புறம் ஊர்ல மூஞ்சி காட்ட முடியாது. பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காய் வெடி நெனப்பும் வேணாம். நம்ம மலையில மாடு வாய் கிழிஞ்சு செத்ததை நீயே பாத்திருக்க.

கோழியைப் பிடுங்கறேன்னு நாய் வாய்க்குள்ள கையை விட்டுத் தொலைக்காதே. கடி பட்டா, பல்லு லேசா உரசினாலும் சரி, ஓடற தண்ணியில சோப்புப் போட்டு கால்மணி நேரம் கழுவிட்டு நேரா ஆரம்ப சுகாதார நிலையம் போ. ஊசியைத் தேதி தவறாம கடைசி வரைக்கும் போடு. சுண்ணாம்பு, மிளகாப்பொடின்னு உன் பாட்டி வைத்தியமெல்லாம் வேணாம். வெறிநோய் வந்துட்டா திரும்பி வர்ற வழி கெடையாது. இதுல மட்டும் நான் வெளையாடல.

நாய் பெருசா, கோழி பெருசான்னு நீங்க ரெண்டு பேரும்தான் இப்ப சண்டை போடறீங்க. நம்ம முன்னோருக்கு ரெண்டும் பெருசு. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்குது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன், பக்கத்துல அவன் நாய். நாய் பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னுச்சுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. சரி, நாய்க்கு மட்டும்தான் மரியாதையான்னு கேட்டா, விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சண்டைச் சேவலுக்கும் கல்லு நட்டிருக்காங்க. இந்தளூர்ல இன்னொண்ணு, அந்தச் சேவலுக்குப் பேரு பொற்கொற்றி. ஒண்ணு மேற்சேரிக் கோழி, இன்னொண்ணு கீழ்ச்சேரிக் கோழி. சேரிக்கும் சேரிக்கும் இருந்த வம்பைப் பாவம் கோழிங்கதான் தீத்திருக்குது. உன் ரெண்டு கோழிக்கும் கல்லு நடணும்னா நானே நல்ல பலகைக்கல்லா பாத்துத் தர்றேன். ஆனா எழுத்து நான் சொல்றதுதான்: ‘பங்காளி களத்துச் சாமை தின்கையில் பட்ட கோழிகள் கல்.’

காவலூர்ல 1986-லேருந்து ஒரு தொலைநோக்கி நிக்குது, கண்ணாடியே 2.34 மீட்டர். வானத்துல எங்கியோ இருக்கற நட்சத்திரமெல்லாம் அதுல தெரியுது. அதே மலையில இருந்துக்கினு உனக்குப் பொழக்கடை வேலியில நாய் நுழையற ஓட்டை தெரியல. போயி அத்தப் பாரு. நாய் மேல தாவறதைவிடக் கீழ பறிச்சுக்கினுதான் வரும். கோழிவலை அடிக்கிறப்போ தரையோட நிறுத்தாதே. ஒரு சாண் மண்ணுக்குள்ள போகட்டும், வெளிப்பக்கமா மடக்கிவிட்டு மேல பலகைக்கல்லை வரிசையா அடுக்கு. வலைக்குக் காசில்லன்னா மூங்கில் படல், அடியில இலந்தை முள்ளு. குஞ்சுக்கோழியைப் பஞ்சாரத்துல கவுத்து மேல கல்லை ஏத்து. வெறும் பஞ்சாரத்தை நாய் மூக்காலயே தள்ளிடும். விடிஞ்சும் விடியாம கூட்டைத் தெறக்காதே. அந்த நேரத்துலதான் நாய் ஊர் சுத்தும். வெயில் ஏறட்டும், பங்காளி வூட்டுல நாய்க்குக் கஞ்சி ஊத்தட்டும், அப்புறம் தெற.

செத்த கோழியை நாய் கழுத்துல கட்டித் தொங்கவிட்டா திருந்தும்னு எவனாவது சொல்லுவான். நம்பாதே. நாறுற வரைக்கும் நாய் சந்தோசமா சுத்தும், பக்கத்துல இருக்கற உனக்குத்தான் சோறு எறங்காது.

இப்ப விலை. நாட்டுக்கோழி வருசத்துக்கு அறுவது, எம்பது முட்டை இடும். அத்தினியும் பொரிஞ்சு, அத்தினி குஞ்சும் வளந்து, அதுங்களும் முட்டையிட்டுன்னு பேரன் பேத்தி வரைக்கும் கணக்குப் போட்டுக்கினு வந்திருக்க, சட்டைப்பையில சீட்டு தெரியுது. கிழிச்சுப் போடு. பருந்துக்குப் போனது, நோய்க்குப் போனது, விருந்துக்கு அறுத்தது எல்லாத்தையும் கழிச்சா, சந்தையில இன்னிக்கு ரெண்டு விடைக்கோழி இன்னா விலையோ அதான் உன் நட்டம். பங்காளி சாமைக்குப் பாதி கழிஞ்சுபோச்சு. மீதிப் பாதியைக் கேளு, அதையும் பணமா கேக்காதே.

பின்ன எப்படியா? இங்கதான் மாமாவோட மூளை வேலை செய்யுது, காதைக் கிட்ட கொண்டா. ‘அந்தப் பணம் வேணாம், என் கிட்ட ரெண்டு விடைக்கோழி இருக்குது, உன் வூட்டுக்கு வாரத்துக்கு விடறேன், வளத்துக்கோ, வர்ற குஞ்சுல பாதி உனக்கு, பாதி எனக்கு’ன்னு பங்காளி பொண்டாட்டி கிட்ட சொல்லு. பங்காளி கிட்ட இல்ல, அவ கிட்ட. கோழி அவ பொழக்கடையில கால் வச்ச அன்னிக்கே நாய்க்குக் கட்டுத்தறி வந்துடும். நீ ஊரைக் கூட்டி, போலீசைக் கூட்டி ஆறு மாசத்துல நடக்காதது, அவ தொடப்பத்தைத் தூக்கினா ஒரு சாயங்காலத்துல நடக்கும். ஆரம்பத்துல நாயைச் சங்கிலியில போட்டுக் கண்ணு முன்னாடி கோழியை மேய விடணும், கோழி பக்கம் பாய்ஞ்சா அதட்டணும், சும்மா படுத்திருந்தா ஒரு வாய் சோறு. தன் வூட்டுக் கோழின்னு வாசனை பிடிபட்டா பெரும்பாலான நாய் அடங்கிடும். அப்புறம் உன் வேலிப்பக்கம் வர்ற கீரியையும் அதே நாய் துரத்தும், நீ கஞ்சிகூட ஊத்த வேணாம். அடங்காத நாயும் உண்டு. அதுக்குச் சங்கிலிதான், சாகற வரைக்கும்.

அவ சந்தேகப்படுவாளான்னு கேக்கறியா? படுவா. ‘கோழியை நாய் கடிச்சுப்போச்சுன்னு சண்டைக்கு வந்தவன், இன்னிக்குக் கோழி கொடுக்கறான், இதுல இன்னா சூது’ன்னு யோசிப்பா. அதுக்குத்தான் நொண்டியையும் கெழட்டுக் கோழியையும் தள்ளி விடாதேங்கறேன். நல்லதா, அடைக்கு உக்காரற ஜாதியா ரெண்டு கொடு. அடை வச்சா 21 நாள்ல குஞ்சு. குஞ்சு சத்தம் கேட்டப்புறம் எந்தப் பொம்பளையும் சூதைத் தேட மாட்டா. அவ கோழி உன் கொல்லைக்கு வந்து கேழ்வரகைக் கிளறும், அப்ப நீ வீடியோ எடுக்கக் கூடாது.

நாய்ச் சங்கிலி காசு ஆளுக்குப் பாதி. வெறிநாய்த் தடுப்பூசி நாய்க்கு அவன் போடணும், கழிச்சல் ஊசி கோழிக்கு நீ போடணும், ரெண்டையும் ஊர்க்கவுண்டர் முன்னாடி பேசி முடிச்சுக்கோ.

எனக்கா? சே, நான் பஞ்சாயத்துக்குக் காசு வாங்கறவனா? உன் அத்தை மட்டும் சாமைச்சோறும் நாட்டுக்கோழிக் கொழம்பும் சாப்பிட்டு நாளாச்சுன்னு சொல்லிக்கினு இருந்தா. சாமை உன் பங்காளி கொடுத்துடுவான், அவன் கிட்ட பேசிட்டேன். சேவலுக்கு நீ ஆச்சு. பல்லு படாததா பாத்துக் கொண்டா.